பதினோரு கிராம்

லைடன் நகரத்து மாடிப்படிகள்
ஏணிக்குத் தங்கை முறை.
பெரிய சாமான் எதுவும் அவற்றில் இறங்காது.
கூரை முகட்டுக் கொக்கியில் கயிற்றை மாட்டி
ஜன்னல் வழியே இறக்குவதுதான் என் பிழைப்பு.

அன்றைக்கு மூன்றாவது மாடி.
வால்நட் மரத்து பீரோ.
கீழே ஷூர்ட் கயிற்றைப் பிடித்திருக்க
மேலே நான் தோள்கொடுத்துத் தள்ளும்போது
வாயில் வந்தது, வழக்கமாய் வருவதுதான்:
"கான்கர் கனம்!"

எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம்.
கான்கர் மழை. கான்கர் குளிர்.
பெனால்டியைக் கோட்டைவிட்டவன் கான்கர் பயல்.
உருளை வறுவல் மொறுமொறுவென்று இருந்தால்
அதுவும் கான்கர் ருசி.
'மிகவும்' என்பதற்குப் பள்ளியில்
வேறேதோ கற்றுக் கொடுத்தார்கள்.
எங்கே வைத்தேனோ.

அது புற்றுநோயின் பெயர் என்று
தெரியாமல் இல்லை.
தெருவுக்கடியில் சாக்கடை ஓடுவது
தெரியும் அல்லவா, அப்படித் தெரியும்.

வீட்டுக்காரி யோலைன்.
நாற்பது இருக்கலாம்.
தலையில் நீலப் பருத்தித் துணி,
புருவம் இருந்த இடத்தில் பென்சில் கோடு.
கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றியபடி,
நிமிராமல் சொன்னாள்:
"என்னுடையது பதினோரு கிராம்.
வெட்டியெடுத்து நிறுத்தே சொன்னார்கள்.
பீரோ அளவுக்கெல்லாம் இல்லை."

கயிறு ஆடியது.
"ஃபென்னா! செத்துட்டியா?"
கீழிருந்து கத்தினான் ஷூர்ட்.

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை.
மூன்றாவதற்கு வாயெடுத்தபோது
"பீரோவைப் பிடி முதலில்" என்றாள்.

பிறகு அவளாகவே:
"டாக்டர் 'திசு' என்கிறார்.
அக்காளுக்கு அது 'உன் விஷயம்'.
பக்கத்து வீட்டுக்காரன் வெறும் 'கா'வோடு நிறுத்திக்கொள்வான்.
ஒன்பது மாதத்தில் இந்த வீட்டுக்குள்
முழுப் பெயரையும் சொன்னவள் நீதான்.
அதுவும் ஒரு மரச்சாமானைப் பார்த்து."

சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை எந்தப் பெட்டியில் வைத்து
என்ன எழுதி ஒட்டுவது?
உடையும் பொருள் என்றா?

சலவை எந்திரத்தை மட்டும்
படி வழியே இறக்கப் பார்த்தோம்.
கால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டான் ஷூர்ட்.
"டேரிங்!" என்று அலறினான்.
அடுத்த படியில் "க்ளேரெ!"
காசம். காலரா.
கொள்ளையில போ, பேதியில போ என்பதுபோல்
தலையும் பூவும் தேய்ந்த பழங்காசுகள்.
யோலைன் திரும்பக்கூட இல்லை.

இவன் திட்டு பரவாயில்லை,
என்னுடையதுதான் அசிங்கம் என்று
அந்த நொடியில் தோன்றியது.
வேனில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது:
கைக்குட்டைக்குள் ரத்தத்தை மறைத்தவர்கள்,
ஜன்னலோரக் கட்டிலில் வெயிலுக்குக் காத்தவர்கள்,
ஒருவரும் மிச்சமில்லை இந்தத் தெருவில்.
சொல்லை யாரும் கழுவிவைக்கவில்லை.
திரும்பிப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.
வேறு தேசங்களில் இன்னும் இருமுகிறார்கள்.
அவர்களுக்கு டச்சு தெரியாது.

அப்படியென்றால் என் சொல்லும்
எத்தனை பேர் போய்முடிந்தபின் சுத்தமாகும்?
கணக்குப் போடப் பிடிக்கவில்லை.
ரேடியோவைத் திருப்பினேன்.

புது வீடு தரைத்தளம்.
எல்லாம் இறக்கி முடித்ததும்
ஆப்பிள் பை வெட்டித் தந்தாள், பட்டை தூக்கலாக.
'கான்' வரை வந்ததை
ஒரு துண்டோடு சேர்த்து விழுங்கினேன்.
"ரொம்ப..." என்றேன்.
"ரொம்ப என்ன?" என்றாள்,
பென்சில் புருவத்தை உயர்த்தி.

போன வாரம் வேறொரு வீடு.
நான்காவது மாடி, இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்.
தோள்பட்டை பிய்ந்துகொண்டு போனது.
சுற்றிலும் யாருமில்லை.
சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தது நான்தான்.